முதல் மஞ்சள் வைத்த கை

செம்பன்விடுதி
12.6.2024

சின்ன மாமாவுக்கு,

உங்கள் அண்ணன் மருமகள் அன்புச்செல்வி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. இங்கே யாரும் நலமாக இல்லை.

போன மாதம் போனில் நான் கத்தியது உண்மை. நீங்களும் சும்மா இல்லை. "இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்பு, வாய்ப்பேச்சு வேணாம்" என்று சொல்லிவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். ஓசூரில் மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது சுலபம். உங்கள் வீட்டை நான் எந்த பட்டனை அமுக்கி பிளாக் செய்வது?

இன்று காலையில் கார்முகிலுக்கு யூனிபார்ம் எடுக்க அலமாரியில் கைவிட்டேன். கையோடு பாம்புச் சட்டை வந்தது. தலையிலிருந்து வால் வரை கிழியாமல் முழுசாக இருந்தது. நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில், அலமாரிக்குப் பின்னால், விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. என் மகளுக்கு ஆறு வயது. "அம்மா, அது சட்டைய இங்க கழட்டிப் போட்டுட்டு எங்கம்மா போச்சு?" என்று கேட்கிறாள். எனக்கு மட்டும் தெரியுமா?

உங்கள் வீடு எப்படி இருக்கிறது என்று நீங்கள் பார்த்துப் பல வருசம் ஆகிறது. கஜா புயலில் ஓடு பறந்த பிறகு மேலே ஒரு கீற்றுகூட நீங்கள் போடவில்லை. அத்தனை மழையும் நேராக உள்ளே கொட்டியிருக்கிறது. கொல்லைச் சீமைக்கருவை ஜன்னல் வழியாக அறைக்குள் வந்துவிட்டது. பொதுச்சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்குப் புற்று வளர்ந்திருக்கிறது. வாசல் பூட்டை யாரோ உடைத்துவிட்டார்கள். சாயங்காலமானால் இளவட்டங்கள் உள்ளே உட்கார்ந்து குடிக்கிறார்கள், பாட்டிலைச் சுவரில் அடித்து உடைக்கிறார்கள். போன வாரம் ஒருத்தன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். உங்கள் அண்ணன் மகன் குவைத்தில் இருப்பதும், மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும்தான் என்பதும் ஊருக்கே தெரியும்.

ஒரே வீட்டை நடுவில் மண்சுவர் வைத்து அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டீர்கள். எங்கள் கூரையின் உத்தரம் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. சுவர் போனால் கூரையும் எங்கள் தலையில். ஐப்பசி மழைக்குள் வந்து அதை இடித்துச் செங்கல் சுவர் எழுப்ப வழி செய்யுங்கள். குடிகாரர்களைப் பற்றிப் போலீசில் சொன்னால், வீட்டுக்காரர் வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்கிறார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மாமா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அன்புச்செல்வி


ஓசூர்
24.6.2024

அன்புச்செல்விக்கு,

கடிதம் கிடைத்தது. உன் பேச்சைவிட உன் எழுத்து மரியாதையாக இருக்கிறது. சந்தோஷம்.

முதலில் பாம்பு. பணி ஓய்வு பெறும்வரை அறிவியல் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், கேள். பாம்பு எலியைத் தேடி வருகிறது, உன்னைத் தேடி வரவில்லை. வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடை. அரிசி மூட்டையைத் தரையில் வைக்காதே.

அடுத்தது சுவர். எங்கள் அப்பா கட்டிய வீடு அது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இடிக்க முடியாது. எனக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பஸ்ஸில் உட்கார முடியவில்லை. தை பிறக்கட்டும், வந்து பார்க்கிறேன். மண்சுவர் என்றால் உனக்கு இளப்பமாக இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நிற்கிற வீடு, ஆறு மாதம் நிற்காதா?

குடிகாரர்கள் விஷயம் மட்டும் எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நம் ஊர்க்காரன் போலீசுக்குப் பயப்பட மாட்டான். வீட்டுக்காரனுக்கும் பயப்பட மாட்டான். மஞ்சளுக்குப் பயப்படுவான். உள்ளே புற்று இருக்கிறது என்கிறாயே, பிறகென்ன கவலை? மஞ்சளைக் கரைத்து அதன் தலையில் பூசு. குங்குமம் வை. ஒரு சிவப்புத் துணியைச் சுற்று, வாசலில் வேப்பிலை சொருகு. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய். அப்புறம் எந்தப் பயலாவது அங்கே பாட்டிலைத் திறக்கிறானா என்று பார்!

புற்று என்பது கரையான் எச்சிலைக் குழைத்துக் கட்டிய மண். அதை அம்மனாக்க ஒரு பாக்கெட் மஞ்சள் போதும். ஆயுசுக்கும் சாமி கும்பிடாத எனக்கு இந்த ஒரு தடவை சாமி உதவட்டுமே. எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

ஆத்மநாதன்


செம்பன்விடுதி
28.7.2024

சின்ன மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன்.

தெருவே நூறு நாள் வேலைக்குப் போயிருந்த மத்தியான நேரத்தில் உள்ளே போனேன். தாம்பூலத்தோடு யாரோ கொடுத்த சிவப்பு ரவிக்கைத் துணி ஒன்று இருந்தது, அதைச் சுற்றினேன். மஞ்சள் பூசும்போது பாதியைக் கீழே சிந்திவிட்டேன். பாம்புப் பயத்தில் சிந்தியது என்றுதான் வைத்துக்கொண்டேன். வெளியே பார்த்தால் காய்ந்த மண், தொட்டால் உள்ளேயிருந்து சூடு வருகிறது, மாமா. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது. முடித்துவிட்டு நான் கும்பிட்டேனா இல்லையா என்று எனக்கே ஞாபகமில்லை.

அன்று சாயங்காலமே வந்தான்கள். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். செல்போன் வெளிச்சத்தை அடித்திருப்பான்கள் போல. "டேய், ஆத்தா இருக்குடா! செருப்பக் கழட்டுடா!" என்று ஒருத்தன் அலறினான். அவ்வளவுதான், விழுந்தடித்து ஓடினான்கள். அதற்குப் பிறகு ஒருத்தனும் வரவில்லை. அன்றைக்குத்தான் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினேன். வாத்தியார் மூளை வாத்தியார் மூளைதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயம். ஆடு மேய்க்கிற பிச்சையம்மாளை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை, கடைசி வீட்டில் தனியாகக் கிடக்கிறது. அது காணாமல் போன குட்டியைத் தேடி உள்ளே போயிருக்கிறது. பார்த்ததும் குலவை போட்டதில் தெருவே கூடிவிட்டது. ஆடி வெள்ளிக்கு ஆளாளுக்குப் பாலோடு வந்து ஊற்றிவிட்டுப் போனார்கள். கூட்டம் இருந்தால் குடிகாரன் வரமாட்டான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் பிச்சையம்மாள் போகும்போது என் கையையே பார்த்துக்கொண்டு போனது. நகக்கண்ணில் மஞ்சள் இருந்ததோ என்னவோ. மறக்காமல் தை மாதம் வாருங்கள். முடிந்தால் முன்னாலேயே வாருங்கள்.

அன்புச்செல்வி


ஓசூர்
10.8.2024

அன்புச்செல்விக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். காவ்யா மாடிக்கு வந்து "என்னப்பா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. கல்யாணமாகி எட்டு வருடமாக மடியில் குழந்தை இல்லை என்ற ஏக்கத்தில் அவள் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, ஒரு பக்கம் கோயில் என்று அலைகிறாள். அவளிடம் போய் இந்த வேடிக்கையைச் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

புற்றின் உள்ளே சூடாக இருப்பது இயற்கை. ஆயிரக்கணக்கான பூச்சி உயிரோடு இருக்கிற இடம் சூடாகத்தான் இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆடி முடிந்தால் கூட்டமும் கலைந்துவிடும், கவலைப்படாதே.

ஆத்மநாதன்


செம்பன்விடுதி
22.9.2024

சின்ன மாமாவுக்கு,

ஆடி முடிந்தது, ஆவணியும் முடிந்தது. கூட்டம் கலையவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். நாம் குடிகாரனை விரட்டப் போய் ஊருக்கே அம்மனைக் கொடுத்துவிட்டோம்.

செவ்வாய், வெள்ளி என்றால் கறம்பக்குடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறார்கள். அறந்தாங்கியிலிருந்து வேன் வருகிறது. பேர்கூட வைத்துவிட்டார்கள், சுவரடி நாகாத்தா. நான் ஆறு வருசம் கெஞ்சியும் அசையாத சீமைக்கருவையை ஊர்ப் பிள்ளைகளே ஒரே நாளில் வெட்டி எறிந்தார்கள். மேலே தகரம் போட்டு, மைக் செட் கட்டி, வாசலில் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். தொட்டில் கட்ட இடமில்லை. பிச்சையம்மாளுக்கு அருள் வருகிறது. நேற்றுவரை யாரும் ஒரு வாய்க் காபி கொடுக்காத பிச்சையம்மாள் காலில் இன்று கார் வைத்திருக்கிறவர்கள் விழுகிறார்கள்.

நடக்கட்டும், எனக்கென்ன. என் பயம் தண்ணீர்தான். ஆளுக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர், பால், இளநீர் என்று புற்றின் தலையில் ஊற்றுகிறார்கள். அதெல்லாம் எங்கே போகும்? சுவருக்குள் போகிறது. எங்கள் பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சுவர் ஊறிவிட்டது. ஈரம் மட்டும் என்றாலும் பரவாயில்லை. மஞ்சளாக ஊறுகிறது, மாமா. நான் அந்தப் பக்கம் பூசிய மஞ்சள் என் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. விரலால் அழுத்தினால் மண் பிட்டாக உதிர்கிறது. புளித்த பால் நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. உத்தரம் உட்கார்ந்த இடத்தில் புதிதாக ஒரு விரிசல் ஓடுகிறது.

கொத்தனார் நாகராசுவைக் கூப்பிட்டேன். "எம் பேரே நாகராசு, தங்கச்சி. நானே போயி அது மேல கடப்பாரைய வைக்கவா?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். புதுக்கோட்டையில் கட்டட வேலை பார்க்கிற வடக்கத்திப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தேன். அவர்களுக்கு நம் ஆத்தாவைத் தெரியாது என்று நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை பிச்சையம்மாள் அருளோடு நேராக என் வாசலுக்கு வந்தது. தலைமுடி முகத்தில் கிடந்தது. கூட்டம் பின்னால் நின்றது. "மொத மஞ்சள் வச்ச கை எதுன்னு எனக்குத் தெரியும்டி. அந்தக் கை நல்லாருக்கும். அந்தக் கை என்னைய விட்டுச்சுன்னா..." என்று சொல்லி நிறுத்திவிட்டுப் போய்விட்டது. கார்முகில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு மத்தியானம் பிச்சையம்மாள் ஆடு மேய்த்துக்கொண்டு எங்கேயாவது நின்று என்னைப் பார்த்திருக்கும். அப்படித்தான் இருக்கும். அப்படித்தானே, மாமா?

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வந்து, "இது என் வேலை, குடிகாரனை விரட்டச் செய்தது" என்று ஊர் முன்னால் சொல்லுங்கள். நீங்கள் சாமி கும்பிடாதவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மனுசன் அப்படித்தான் என்று திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். நான் சொன்னால் என்னை இந்த ஊரில் வாழ விடமாட்டார்கள். உங்கள் அண்ணன் மகனோ போனில், "சாமி விசயத்துல நீ தலையிடாத" என்று முடித்துக்கொள்கிறார். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவும் எனக்கு வழி இல்லை. அம்மா வீடு என்று இருந்தது, இப்போது அண்ணி வீடு. பூட்டினாலும் எங்கள் பக்கத்தையும் சேர்த்துக் கோயிலாக்கிவிடுவார்கள்.

மழை வரப்போகிறது.

அன்புச்செல்வி


ஓசூர்
14.10.2024

அன்புள்ள அன்புச்செல்விக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

காவ்யா முழுகாமல் இருக்கிறாள்.

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாமல் பிச்சையம்மாளுக்குப் போன் செய்து தன் பேரில் தொட்டில் கட்டச் சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதமே நின்றிருக்கிறது. "நம்ம தாத்தா வீட்டுல வந்து உக்காந்துருக்கிற ஆத்தாப்பா. நமக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பா?" என்கிறாள். இத்தனை வருடத்தில் நான் அவள் முகத்தில் இப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. தலைமாட்டில் அந்தப் புற்றின் போட்டோவை வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

மருத்துவம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பலன் கிடைத்திருக்கிறது. அது எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் அதிர்ச்சி எதுவும் கூடாது, படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் நான் ஊருக்கு வந்து, அது பொய், அதைச் செய்யச் சொன்னவன் உன் அப்பன்தான் என்று எப்படிச் சொல்வேன்? சொன்ன மறுநிமிடம் குரூப்பில் வந்துவிடும்.

பிள்ளை பிறக்கிறவரை பொறுத்துக்கொள். அதுவரை சுவருக்கு ஒரு முட்டுக் கொடுத்துக்கொள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் என்று நான் யாருக்கும் எழுதியதில்லை.

ஆத்மநாதன்


செம்பன்விடுதி
26.10.2024

சின்ன மாமாவுக்கு,

காவ்யாவுக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும். மனசார எழுதுகிறேன். அவளும் நானும் ஒரே வயசு. அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஆனால் அதுவரை பொறுக்கும்படி சுவரிடம் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். நான் சொன்னால் அது கேட்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. முந்தாநாள் உத்தரத்தடியிலிருந்து தேங்காய் அளவு மண்கட்டி பிள்ளையின் தலையணையில் விழுந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். லீவு நாளாக இருந்திருந்தால்? அந்தத் தலையணையைத் தூக்கிப் போட மனம் வராமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாகராசு இரங்கி வந்தார். "ஒன் வீட்டுக்குள்ள என்ன வேணாலும் செஞ்சு தாரேன். அங்கிட்டு மட்டும் கூப்புடாத" என்றார். உத்தரத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, செங்கல் தூண் எழுப்பியிருக்கிறார். கூரை இனி சுவரை நம்பி இல்லை. ஆனால் சுவர் எங்கள் பக்கம் வயிறு தள்ளி நிற்கிறது. இன்னும் நாலு செவ்வாய்க்கிழமை அதில் தண்ணீர் ஊற்றினால் எங்கள் மேல்தான் விழும். ஊர்ப் பெரிய மனிதர்களிடம், தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "ஆத்தாளக் குளுர வைக்காத, காய விடுங்குறியா?" என்று ஒருத்தர் சண்டைக்கு வந்தார்.

புற்றை நானே இடிக்கப் போகிறேன். இது உங்களுக்குத் தகவல், அனுமதி கேட்கவில்லை. உங்கள் பிள்ளையின் வயிற்றில் இருப்பதை நினைத்துத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். என் பிள்ளை பிறந்து, வளர்ந்து, அந்தச் சுவரோரத்தில் படுத்திருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், சுவரை நினைத்து இல்லை.

அன்புச்செல்வி


செம்பன்விடுதி
9.11.2024

சின்ன மாமாவுக்கு,

பிளாக்கை எடுத்துவிட்டு விடாமல் போன் அடித்தீர்கள். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டிருந்தால் கடப்பாரையைக் கீழே போட்டிருப்பேன்.

மழை விட்டிருந்த மத்தியானமாகப் பார்த்துப் போனேன். போனதும் என்னையறியாமல் செருப்பைக் கழற்றினேன். "தெரியாம செஞ்சுட்டேன்" என்று வாய் முணுமுணுத்தது. முதல் குத்திலேயே கடப்பாரை பாதி உள்ளே போய்விட்டது. ஊறி ஊறி அவ்வளவு இளகிக் கிடந்தது. நாற்றம் குப்பென்று அடித்தது. குத்திக்கொண்டே இருந்தேன். கத்திக்கொண்டே குத்தினேன் போல, சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது பிச்சையம்மாள்.

அடிக்கும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சேற்றில் உட்கார்ந்து, உடைந்த மண்ணை மடியில் அள்ளி வைத்துக்கொண்டு, "பாவி மவளே, எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதானடி" என்று அழுதது. அதன் பிறகு வந்த பெண்கள்தான் என் முடியைப் பிடித்தார்கள். மண்ணை வாரித் தூற்றினார்கள். "ஒன் வம்சம் வெளங்காதுடி" என்று எந்த வாயெல்லாம் சொன்னது என்று எனக்குத் தெரியும். எல்லாம் என் கல்யாணத்தில் வந்து சாப்பிட்ட வாய்.

சாயங்காலம் மழை கொட்டியது. அடியில் அரித்திருந்த சுவர், புற்றின் தாங்கலும் போனதால், அப்படியே சரிந்து உங்கள் பக்கம் விழுந்தது. தகரக் கொட்டகை நசுங்கியது. உள்ளே யாரும் இல்லை. எங்கள் கூரை முட்டில் நின்றது. நானும் பிள்ளையும் தப்பித்தோம்.

இதோடு கடிதம் முடிந்திருந்தால் நான் இன்று தலை நிமிர்ந்து எழுதியிருப்பேன்.

புற்றுக்குள் ஒன்றும் இல்லை, மாமா. பாம்பு இல்லை. அடிவரை தோண்டிவிட்டேன். "பாம்பு எங்கடி? ஆத்தா எந்திரிச்சு ஒன் வீட்டுக்குள்ளதான் போயிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சுவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு தார்ப்பாய்தான் தொங்குகிறது. அன்றைக்குப் பிடித்தது கார்முகிலுக்குக் காய்ச்சல். புதுக்கோட்டையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். காலையில் விடுகிறது, பொழுது சாய்ந்தால் கொதிக்கிறது. நேற்று அனத்திக்கொண்டே கண்ணைத் திறந்து, "அம்மா, தார்ப்பாய்க்கு அங்கிட்டு யாரும்மா நிக்கிறா?" என்றாள். எழுந்துபோய் விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு உதவி. "மஞ்சள் பூசச் சொன்னது நான்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஊருக்குக் காட்ட இல்லை. அந்த இடத்தில் நின்று படிப்பதற்கு. உங்கள் பழைய கடிதம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதில் நீங்கள் சிரித்திருக்கிறீர்கள். அதை அங்கே படிக்க முடியாது. சிரிக்காமல் ஒரு வரி எழுதுங்கள்.

வெறும் மண் என்று எனக்குத் தெரியும். உங்களைவிட நன்றாகத் தெரியும், பூசியவள் நான். பிள்ளை உடம்பு கொதிக்கும்போது தெரிந்தது எதுவும் கைகொடுக்கவில்லை.

அன்புச்செல்வி


ஓசூர்
16.11.2024

மகளே அன்பு,

பிச்சையம்மாள் போனில் காவ்யாவிடம் அழுதுவிட்டாள். அன்று ராத்திரியே லேசாக உதிரம் பட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். குழந்தையின் துடிப்பு இருக்கிறது என்கிறார்கள். எழுந்திருக்கவே கூடாதாம். நான் வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். 'மஞ்சள்' என்று எழுதினேன், அதற்கு மேல் கை ஓடவில்லை. காவ்யா என்னிடம், "யாருப்பா மொதமொதல்ல அங்க மஞ்சள் வச்சது? அந்தக் கை விட்டதாலதான் ஆத்தாளுக்குக் கோவமாம். அவங்களக் கண்டுபிடிச்சு மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்கப்பா" என்கிறாள். நான் விசாரிக்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

அந்தப் பழைய கடிதத்தை வைத்திருக்காதே. எரிக்க வேண்டாம். எதற்கு நெருப்பெல்லாம். ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடு. என் பேரை அங்கே சொல்லாதே. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லாதே.

நான் பயந்துவிட்டேன் அம்மா.

ஆத்மநாதன்


செம்பன்விடுதி
22.11.2024

சின்ன மாமாவுக்கு,

உங்கள் பழைய கடிதத்தை வாய்க்காலில் விட்டுவிட்டேன். சுழித்துக்கொண்டு போய்விட்டது.

இன்று காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு அந்த இடத்துக்குப் போனேன். பிச்சையம்மாள் இடிந்த மண்ணுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. இப்போது அதன் காலில் யாரும் விழுவதில்லை. ஆடுகள் சுற்றி நின்றன.

உங்கள் பேரைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் போனேன். முடியவில்லை, மன்னித்துவிடுங்கள். பொய்யில் ஆரம்பித்ததைப் பொய்யிலேயே முடிக்கப் பயமாக இருந்தது. "சொன்னவரு ஆத்மநாதன். செஞ்சவ அன்புச்செல்வி. நாங்க ரெண்டு பேரும் பெரியவங்க, புத்தி இருந்தும் செஞ்சோம். எதுவா இருந்தாலும் எங்ககிட்டத் தீத்துக்க. ரெண்டு புள்ளைகளையும் தொடாத" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பிச்சையம்மாள் முழுசாகக் கேட்டது. கோபப்படும் என்று பார்த்தேன். "ரெண்டாவது புள்ள யாருடி?" என்று மட்டும் கேட்டது. காவ்யாவுடையது என்றேன். மேலே சாய்ந்து நின்ற ஆட்டைக் கையால் விலக்கியது.

பிறகு இடிந்த புற்றிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தது. பாதியைக் குழைத்து, வீட்டுக்குள் வந்து, கார்முகில் நெற்றியில் பூசியது. சுவர் இடிந்ததிலிருந்து என் வாசலை மிதித்த முதல் ஆள் அதுதான். நெற்றி ஆறியிருக்கிறது. பொழுது சாய இன்னும் நேரமிருக்கிறது. நான் வெயிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மீதி மண்ணை உங்களுக்கு அனுப்பச் சொன்னது. "நான் கட்டுன தொட்டிலு அது. நான் யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். மொத மஞ்சள் வைக்கச் சொன்னவரு கையாலேயே அந்தப் புள்ளைக்குப் பூசச் சொல்லு" என்றது. காகிதத்தில் மடித்து இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன்.

காவ்யாவின் நெற்றியில் வைப்பதா, ஆஸ்பத்திரிக் குப்பைக்கூடையில் கொட்டுவதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டினால் மட்டும் தயவுசெய்து எனக்கு எழுதிவிடாதீர்கள்.

அன்புச்செல்வி